நாரின் உட்பொருள் கண்ட அன்செல்ம் பாயென்

வாழை மட்டையிலிருந்து உரித்த நாரைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் காஸ்டிக் சோடாக் கரைசலில் இட்டு வேகவைத்தால், சிறிது நேரத்திற்குள் அக்கரைசல் கடுந்தேநீரின் நிறத்தை அடைந்து விடுகிறது. அதை வடித்து, நாரைக் கழுவி, மறுபடியும் வேகவைத்து, பின்னர் வெளுக்கும் மருந்தில் ஊறப் போட்டால் கடைசியில் பஞ்சு போன்ற வெள்ளைப் பொருள் ஒன்று எஞ்சுகிறது. அதுவே செல்லுலோஸ். அதன்மீது கடுமையான கந்தக அமிலத்தை ஊற்றி, உரிய நேரத்தில் நிறுத்தினால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய ஊசிகளாக அது பிரிகிறது. ஒரு மில்லி மீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோ மீட்டராகும். அந்த ஊசிகளின் பருமன் ஐந்து முதல் இருபது நானோ மீட்டர். நீளம் சில நூறு நானோ மீட்டர். எங்கள் ஆராய்ச்சிச் சாலையில் நாள்தோறும் நடைபெறும் வேலை இது.

குறிப்பேட்டில் இதனை நானோ செல்லுலோஸ் ‘தயாரித்தல்’ என்று எழுதுகிறோம். ஆனால், உண்மையில் நாம் எதைத் தயாரித்தோம்? வாழை ஏற்கெனவே செய்து வைத்திருந்த ஒன்றன் மேலிருந்த பூச்சைக் கழுவினோம், அவ்வளவுதானே? அல்லது நாம் ஊற்றிய அமிலமும் காரமுமே அதனைப் புதிதாக உண்டாக்கினவா? மாணவன் ஒருவன் ஓய்வு நேரத்தில் கேட்டுக் கொள்ளும் வீண் கேள்வியாக இது தோன்றலாம். ஆயினும் சுமார் நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னர், மரத்தை முதன்முதலாக இவ்வாறு வெளுத்துப் பார்த்த ஒரு பிரெஞ்சுக்காரர் தம் வாழ்நாளில் பாதியை இந்தக் கேள்விக்கு விடை சொல்வதிலேயே கழிக்க நேர்ந்தது. அவர் பெயர் அன்செல்ம் பாயென்.

பாயென் 1795 ஜனவரி 6-இல் பாரிஸ் நகரில் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சியின் புயல் முற்றிலும் ஓயாத காலம் அது. தந்தையார் சட்டம் பயின்றவர். எனினும் வழக்குமன்றத்தை விட்டுத் தொழிற்சாலைகளை நிறுவப் புகுந்தார். பாரிஸை அடுத்த கிரெனெல் என்னுமிடத்தில் அவர் நவச்சாரம் செய்யும் ஆலையை நடத்தினார். பாத்திரங்களுக்கு ஈயம் பூசுபவர் சூடேறிய பாத்திரத்தில் தேய்ப்பாரே, புகை பறக்குமே, அதே நவச்சாரந்தான். ஐரோப்பா அதுவரை அதனை எகிப்திலிருந்து வரவழைத்து வந்தது. பாயெனின் தந்தையோ இறைச்சிக் கடைகளில் எறியப்பட்ட எலும்பு முதலிய கழிவுகளைக் காய்ச்சி அதனைப் பிரான்சிலேயே செய்தார். கழிவைக் கண்டால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் கண், மகனுக்குத் தந்தையிடமிருந்து வந்த சொத்து என்றே சொல்ல வேண்டும்.

தந்தையே வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு வோக்லேன், செவ்ரோல் போன்ற பேராசிரியர்களிடம் பாயென் இரசாயனம் கற்றார். ஆலையின் புகையையும் பேராசிரியரின் தராசையும் ஒருங்கே அறிந்த இளைஞர்கள் அக்காலத்தில் மிகுதியாக இருந்திருக்க மாட்டார்கள். இருபது வயதைக் கடந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே வெங்காரம் சுத்திகரிக்கும் ஆலை ஒன்றின் நிருவாகம் அவர் கைக்கு வந்தது.

பொற்கொல்லர்கள் பொன்னை உருக்கிப் பற்றவைக்கப் பயன்படுத்தும் இந்த வெங்காரம் அந்நாளில் திபெத்திய ஏரிக் கரைகளில் திரட்டப்பட்டு, இமயத்தைக் கடந்து, இந்தியத் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றது. அதைச் சுத்தம் செய்து விற்கும் வாணிகம் டச்சுக்காரர் கையில் இருந்தது. இத்தாலியில் டஸ்கனிப் பகுதியின் வெந்நீர் ஊற்றுகளில் கிடைத்த போரிக் அமிலத்தைச் சோடாவுடன் சேர்த்து வெங்காரத்தைச் செயற்கையாகவே செய்து விடலாம் என்பதைப் பாயென் கண்டார். விலை மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. டச்சு வாணிகத்தின் பிடியும் தளர்ந்தது. இமயத்துக் கணவாய்களில் மூட்டை சுமந்தவர்களின் பிழைப்பு என்னவாயிற்று என்பதை இரசாயன நூல்கள் சொல்வதில்லை.

அடுத்து அவர் சர்க்கரையில் கைவைத்தார். நெப்போலியன் காலத்துப் போர்களால் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புச் சர்க்கரை பிரான்சுக்கு வருவது தடைப்பட்டதும், பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் தொழில் அங்கே வேரூன்றியது. ஆனால் பீட் கிழங்குச் சாறு பழுப்பு நிறமானது. நவச்சார ஆலையில் எலும்பைக் காய்ச்சிய பின் எஞ்சும் கரியை அச்சாற்றில் இட்டு வடித்தால் நிறம் போய்விடும். ஓர் ஆலையின் குப்பை மற்றோர் ஆலையின் மருந்து ஆயிற்று. ஆலைக்காரர்கள் அதனோடு நின்றுவிடுவார்கள். பாயென் நிற்கவில்லை. கரி ஏன் நிறத்தைப் பற்றிக் கொள்கிறது, எந்தக் கரி எவ்வளவு பற்றும் என்று 1822-ஆம் ஆண்டையொட்டி ஆராய்ந்து எழுதினார். கரியின் திறனை அளக்க ஒரு கருவியும் அமைத்தார்.

1833-இல் பெர்ஸோ என்பவருடன் சேர்ந்து அவர் செய்த கண்டுபிடிப்பு மட்டுமே அவர் பெயரை நிலைநாட்டப் போதுமானது. முளை கட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சிய கஞ்சி நீர்த்து இனிப்பதையும், முளை கட்டாத மாவின் கஞ்சி இறுகிக் கிடப்பதையும் நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். முளைத்த பார்லியிலும் அப்படியே. அம்முளைப் பார்லியின் சாற்றில் ஆல்கஹாலை ஊற்றியபோது வெண்மையான வீழ்படிவு ஒன்று கிடைத்தது. அதில் ஒரு பங்கு, தன்னைப்போல் 2000 பங்கு மாவுப்பொருளைக் கரைத்துச் சர்க்கரையாக மாற்றும் வல்லமை உடையது என்று இருவரும் கணித்தனர். கொதிக்க வைத்தால் அந்த வல்லமை அழிந்து விடும். அதற்கு டையஸ்டேஸ் என்று பெயரிட்டார்கள். பிரித்தல் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. இன்று என்சைம்களின் பெயர்கள் பெரும்பாலும் ‘ஏஸ்’ என்று முடிவதற்கு இந்தப் பெயரின் வாலே காரணம்.

மாவுப்பொருளை ஆராய்ந்து கொண்டிருந்தவர் மரத்துக்கு வந்தது இயல்பான அடுத்த படியாகும். இனி வருவதே இக்கட்டுரையை நான் எழுதக் காரணமான பகுதி.

அதற்கு முன்னர் 1811-ஆம் ஆண்டளவில் கே-லூசாக், தெனார் ஆகிய இருவரும் ஓக் மரத்தையும் பீச் மரத்தையும் எரித்துப் பகுத்து, மரத்தில் ஏறக்குறையப் பாதி கரி உள்ளது என்று காட்டியிருந்தனர். இரு மரங்களின் கணக்கும் நெருங்கி நின்றதால் மரம் என்பது ஒரே பொருள் என்று எல்லோரும் எண்ணி விட்டார்கள். பாயெனுக்கு இது ஒப்பவில்லை. வெவ்வேறு மரங்களைப் பகுத்தபோது கரியின் அளவு சிறிது சிறிது மாறிக்கொண்டே இருந்தது. ஒரே பொருளாயின் இந்த மாற்றம் ஏன்? கணக்கில் வந்த பிழையென்று தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். பலர் அப்படித்தான் போயிருப்பார்கள். பாயெனோ மரம் இரண்டு பொருள்களின் சேர்க்கை என்று கருதினார். உள்ளே ஒரு சட்டம். அதன்மேல் படிந்து இறுகிய வேறொரு பொருள். சுண்ணாம்பும் செங்கல்லும் போல என்று நான் எனக்குச் சொல்லிக் கொள்வதுண்டு.

அவர் மரத்தூளை முதலில் நைட்ரிக் அமிலத்தில் இட்டார். பிறகு சோடாக் காரத்தில் இட்டார். தண்ணீர், ஆல்கஹால், ஈதர் ஆகியவற்றால் கழுவினார். மேலே படிந்திருந்தது கரைந்து போயிற்று. எஞ்சிய வெண்மையான இழைகளை எரித்துப் பகுத்தபோது கரி நூற்றுக்கு ஏறத்தாழ 44 பங்கு இருந்தது. ஓக்காயினும் பீச்சாயினும் அதே எண். கரைந்து போனதைக் கணக்கிட்டால் அதில் கரி அதிகம். மரத்துக்கு மரம் கணக்கு மாறியதன் காரணம் இப்போது விளங்கிற்று. பூச்சின் கனம் மாறுகிறது, உள்ளிருப்பது மாறவில்லை.

மரத்தோடு அவர் நிற்கவில்லை என்பதே அவருடைய பெருமை. பருத்தியைப் பார்த்தார். எல்டர் என்னும் செடியின் நெட்டியைப் பார்த்தார். வாதுமையின் இளஞ்சூலைப் பார்த்தார். பிறந்து சில நாளேயான அந்தத் திசுவில் பூச்சுப் படியக் காலமே இருந்திராது. எல்லாவற்றிலும் அதே பொருள். அதன் கூறுகளின் விகிதமோ மாவுப்பொருளின் விகிதமேயாக இருந்தது. 1838-இல் இதனைப் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் முன் வைத்தார். அதனைப் பரிசீலித்த கழகக் குழுவின் 1839-ஆம் ஆண்டு அறிக்கையில் செல்லுலோஸ் என்னும் பெயர் இடம் பெற்றது. செல் என்னும் சிற்றறையின் சுவராக அமைந்த பொருள் என்பது கருத்து. மேலே படிந்த பொருளைப் பாயென் வெறும் படிவு என்றே அழைத்தார். லிக்னின் என்று நாம் இன்று சொல்வது அதன் பெரும்பகுதி. மற்றொரு பகுதிக்கு 1891-இல் எர்ன்ஸ்ட் ஷுல்ட்ஸெ ஹெமிசெல்லுலோஸ் என்று பெயர் வைத்தார். படிவையெல்லாம் ஒரே குப்பையாகப் பார்த்தது, குப்பைக்குள் பொருள் தேடியே வளர்ந்த பாயெனின் குறை என்று நான் நினைக்கிறேன்.

ஒன்றை இங்கே விளக்க வேண்டும். சோற்றின் மாவுப்பொருளும் கட்டிலின் மரப்பொருளும் ஒரே விகிதத்தில் அமைந்தவை என்றால், சோற்றை உண்ணும் நாம் கட்டிலை ஏன் உண்ண முடியவில்லை? இரண்டும் ஒரே அணுக்களால் ஆகி, வேறு வகையாக அடுக்கப்பட்டவை என்று பாயென் கொண்டார். அந்த அடுக்கு எத்தகையது என்று அறிய அவர் காலத்தில் வழி இல்லை. இரண்டும் குளுக்கோஸ் மணிகளைக் கோத்த சங்கிலிகள் என்பதும், மாவுப்பொருளில் மணிகள் ஒரே பக்கம் பார்த்துச் சங்கிலி சுருள்கிறது என்பதும், செல்லுலோஸில் ஒன்றுவிட்டு ஒன்று திரும்பி நிற்பதால் சங்கிலி நேராக நீண்டு பக்கத்துச் சங்கிலியோடு ஒட்டிக் கொள்கிறது என்பதும் இருபதாம் நூற்றாண்டில் தெளிவாயின. இப்படிப் பல சங்கிலிகள் ஒட்டிய கற்றையே நாம் தேடும் நானோ இழை. மரத்தில் அதன் பருமன் மூன்று அல்லது நான்கு நானோ மீட்டர்தான்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1859-ஆம் ஆண்டையொட்டி எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர் சாமானியர் அல்லர். பாரிஸில் புகழ் பெற்ற இரசாயனப் பேராசிரியரான ஃபிரேமி. அதற்குச் சற்று முன்னர் 1857-இல் ஸ்வைட்ஸர் என்பவர், செம்பு ஹைட்ராக்சைடை அம்மோனியா நீரில் கரைத்த ஆழ்ந்த நீலக் கரைசலில் பருத்தி கரைகிறது என்று காட்டியிருந்தார். ஃபிரேமி இந்தக் கரைசலைக் கொண்டு பல தாவரத் திசுக்களைச் சோதித்தார். பருத்தி உடனே கரைந்தது. எல்டர் நெட்டியோ கரைய மறுத்தது. அமிலத்தில் இட்டு எடுத்த பிறகே கரைந்தது. ஆகவே இரண்டும் ஒரே பொருள் அல்ல என்றார் ஃபிரேமி. செடிக்குச் செடி, திசுவுக்குத் திசு வெவ்வேறு செல்லுலோஸ்கள் உண்டு; அமிலந்தான் ஒன்றை மற்றொன்றாக மாற்றுகிறது என்பது அவர் கட்சி. அதாவது, பாயென் தம் குடுவையில் கண்ட ஒருமை செடியில் இருந்ததன்று, குடுவை உண்டாக்கியது என்று ஆகிறது.

பாயென் விட்டுக் கொடுக்கவில்லை. நெட்டியில் உள்ளது பருத்தியில் உள்ளதே. அதை மூடியிருக்கும் படிவு நீலக் கரைசலை உள்ளே புகவிடாமல் தடுக்கிறது. அமிலம் செய்வதெல்லாம் அந்த மூடியை அகற்றுவதே என்று அவர் மறுமொழி கூறினார். கழகத்தின் ஏடுகளில் இருவரும் மாறி மாறி எழுதினார்கள். அறுபத்து நான்கு வயதில், தம் வாழ்வின் பெரிய கண்டுபிடிப்பே பொய்த்தோற்றம் என்று ஒருவர் சொல்லக் கேட்பது எப்படி இருந்திருக்கும்!

இவ்வழக்கில் தீர்ப்பு பாயென் பக்கமே. எல்லாச் செடியின் செல்லுலோஸும் ஒரே சங்கிலி என்பதில் இன்று ஐயமில்லை. ஆனால் ஃபிரேமியை முற்றிலும் தள்ளவும் முடியாது. 1984-இல் அட்டல்லா, வாண்டர்ஹார்ட் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், இயற்கைச் செல்லுலோஸில் சங்கிலிகள் அடுங்கும் முறையில் இரு வகை உண்டென்றும், பாசியிலும் பாக்டீரியாவிலும் ஒரு வகையும், பருத்தி போன்ற உயர்செடிகளில் மற்றொரு வகையும் மிகுந்திருக்கும் என்றும் காட்டினார்கள். அன்றியும், கடுமையான காரத்தில் இட்டால் இயற்கையான அடுக்கு கலைந்து வேறோர் அடுக்காக மாறிவிடும். துணி ஆலைகளில் மெர்ஸரைஸ் செய்வது இதைக் கொண்டுதான். எங்கள் காஸ்டிக் சோடா நூற்றுக்கு நான்கைந்து பங்குக்கு மேல் போகக் கூடாது என்று ஆராய்ச்சிச் சாலையில் கண்டிப்பாகச் சொல்வதும் இதனாலேயே. மிதமான காரம் பூச்சைக் கழுவும்; மிஞ்சினால் உள்ளிருப்பதையும் மாற்றி விடும். ஆகவே வெளிப்படுத்துவதற்கும் உண்டாக்குவதற்கும் இடையிலுள்ள கோடு, சில வேளை காரத்தின் அளவிலேயே இருக்கிறது!

அமிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாயெனுக்கு முன்பே, 1819-இல், நான்சி நகரத்துத் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த பிராக்கனோ, கந்தல் லினன் துணியையும் மரத்தூளையும் கந்தக அமிலத்தில் கரைத்துச் சர்க்கரை எடுத்துக் காட்டியிருந்தார். கந்தலிலிருந்து சர்க்கரை என்றதும் ஊர் வியந்தது. செல்லுலோஸ் சங்கிலிகள் சில இடங்களில் ஒழுங்காகவும் சில இடங்களில் தளர்ந்தும் அடுங்கியுள்ளன. அமிலம் முதலில் தளர்ந்த இடங்களை அறுக்கும். அங்கே நிறுத்தினால் ஒழுங்கான பகுதிகள் நானோ ஊசிகளாக எஞ்சும். நிறுத்தாவிட்டால் அவையும் கரைந்து பிராக்கனோவின் சர்க்கரையாகி விடும். 1949-இல் உப்சாலாவில் ரான்பி என்பவர் கந்தக அமிலத்தைக் கொண்டு இந்த நுண்துகள்களை நீரில் மிதக்கவிட்டுக் காட்டினார். இன்று பலரும் கையாளும் முறையில் நூற்றுக்கு 64 பங்கு கந்தக அமிலம், 45 டிகிரி வெப்பம், சுமார் 45 நிமிடம். பிறகு பத்து மடங்கு குளிர்ந்த நீரை ஊற்றி வினையை நிறுத்த வேண்டும். ஒருமுறை கடிகாரத்தைப் பார்க்க மறந்தமையால் ஒரு வாரத்து நார் முழுதும் மஞ்சள் நீராகிச் சாக்கடைக்குப் போயிற்று. பிராக்கனோவின் சோதனை உண்மைதான் என்று அன்று நன்றாகக் கற்றுக் கொண்டேன்.

அமிலமே இல்லாமல் இழைகளைப் பிரிக்கும் வழியும் உண்டு. பாலில் கொழுப்பு பிரிந்து மிதக்காதபடி அதனைச் சிதைக்கும் ஹோமோஜெனைசர் எந்திரத்தில் மரக்கூழைப் பேரழுத்தத்தில் திரும்பத் திரும்பச் செலுத்தினால் அது பசைபோல் இறுகி நிற்கும் என்பதை டர்பாக் குழுவினர் 1983-இல் வெளியிட்டனர். எவ்வழியிற் சென்றாலும் நாரைக் காரத்தில் வேகவைத்து வெளுக்கும் முதற்படி மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை. மேலிருப்பதைக் கரைத்து, உள்ளிருப்பதை எஞ்சச் செய்யும் அந்த யோசனை பாயெனுடையது.

அவருடைய பிற்கால வாழ்வு பெரும்பாலும் வகுப்பறையில் கழிந்தது. எகோல் சென்ட்ரல் என்னும் பொறியியற் கல்லூரியிலும், கலைத்தொழில் நிலையமான கன்சர்வத்துவாரிலும் அவர் பேராசிரியராயிருந்தார். 1842-இல் விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினரானார். 1849-இல் முதலில் வெளிவந்த அவருடைய தொழில் இரசாயன நூல் பல பதிப்புகள் கண்டது. பூசிங்கோவுடன் சேர்ந்து எருக்களின் தரத்தை ஒப்பிட்டார். உருளைக்கிழங்கு நோயை ஆராய்ந்தார். உணவுப்பொருள்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். இவற்றை விரித்தால் கட்டுரை நீளும். ஆலையைத் துறந்து பேராசிரியரான பின்னும் அவர் எழுதியவை யாவும் எரு, கிழங்கு, சர்க்கரை, நார் என்று மண்ணிலும் ஆலையிலும் புழங்கும் பொருள்களைப் பற்றியவையே.

அவர் காலத்திலேயே அவர் கண்ட பொருள் உலகைச் சுற்றத் தொடங்கிவிட்டது. 1846-இல் ஷோன்பைன் பருத்தியை நைட்ரிக் அமிலத்தால் வெடிபஞ்சு ஆக்கினார். கந்தல் துணியின்றிக் காகிதம் இல்லை என்றிருந்த நிலை மாறி, மரத்தைக் காரத்தில் வேகவைத்துக் காகிதக் கூழ் செய்யும் முறை 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோன்றியது. கந்தலும் மரமும் உள்ளே ஒன்றுதான் என்பது நிலைநாட்டப்பட்டிருந்த காலம் அது.

1870-இல் பிரஷ்யருடன் போர் மூண்டது. செப்டம்பர் முதல் அடுத்த ஜனவரி வரை பாரிஸ் முற்றுகையிடப்பட்டிருந்தது. மார்ச் மாதத்தில் கம்யூன் ஆட்சி ஏற்பட்டது; நகரம் மறுபடியும் பீரங்கிகளுக்கு நடுவே நின்றது. அந்த 1871-ஆம் ஆண்டு மே மாதத்தில், கம்யூனின் இறுதிப் போராட்டத்துக்குச் சில நாள்கள் முன்னதாக, எழுபத்தாறாவது வயதில் பாயென் பாரிஸில் காலமானார். புரட்சியின் ஆரவாரத்தில் பிறந்தவர் மற்றொரு புரட்சியின் ஆரவாரத்தில் மறைந்தார். ஒரு முதிய இரசாயனப் பேராசிரியரின் மறைவைக் கவனிக்க அந்த வாரத்தில் பாரிஸுக்கு நேரமிருந்திராது.

அமெரிக்க இரசாயனக் கழகத்தின் செல்லுலோஸ் பிரிவு 1962 முதல் அவர் பெயரால் ஒரு பரிசு வழங்கி வருகிறது. எங்கள் துறையில் அப்பரிசின் பெயரை அறியாதார் இல்லை. வெங்காரத்தையும் எலும்புக் கரியையும் விட்டு ஒருவர் மரத்தூளுக்கு வந்த கதையை அறிந்தவர் மட்டும் மிகச் சிலரே.